மலை ஏறிய கருவாட்டுக் குழம்பு

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் லாரன்ஸின் லாரி கருவாட்டுக் குழம்பு வாசனையைப் புகையாக விடத் தொடங்கியது ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அன்று கள்ளக்குறிச்சி சந்தையில் தக்காளி கிலோ நாற்பது, கத்தரிக்காய் முப்பது. அதுவரை அந்த லாரி மற்ற லாரிகளைப் போலக் கறுப்பாகத்தான் புகைந்துகொண்டிருந்தது. உரமும் சிமெண்டும் மேலே கொண்டுபோய், மரவள்ளிக் கிழங்கைக் கீழே கொண்டுவருவது அதன் வேலை. கிழடு தட்டிய வண்டி. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அது மேலே போய்ச் சேர்வதற்குள் பிடுங்கிப் போட்ட கிழங்கு கறுத்துப்போகும். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்காரன் லாரன்ஸின் வம்சத்தையே இழுத்துத் திட்டுவான்.

இதற்கு வழி சொன்னவன் மெக்கானிக் சின்னக்கண்ணு. எந்த வேலையையும் முக்காலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவதால் ஊர் அவனுக்கு அரைவேக்காடு என்று பெயர் வைத்திருந்தது. "டீசலு பாதி வேகாமலே புகையா போயிக்கினு இருக்குதுண்ணே. காத்து இழுக்கிற பைப்புல கொஞ்சூண்டு கேஸு வுட்டா முழுசா வெந்துரும். அப்புறம் பாரு இழுவைய!" என்றான் அவன். வேக வைப்பதைப் பற்றி அரைவேக்காடு பாடம் எடுக்கிறதே என்று பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். லாரன்ஸ் சிரிக்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தான், அடுப்புக்குப் பக்கத்தில் முழுசாக இருந்த சிவப்பு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். வீட்டு கேஸை வண்டிக்கு வைப்பது சட்டப்படி குற்றம். ஊரில் அது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சின்னக்கண்ணு பைப்பில் ஓட்டை போட்டு, செம்புக் குழாயைச் செருகி, டீ குடிக்காமலே வேலையை முடித்தான். அதையே சிலர் அதிசயம் என்றார்கள்.

உண்மையான அதிசயத்துக்குக் காரணம் வீட்டிலேயே மெஸ் நடத்தும் லாரன்ஸின் மனைவி பவுலின். கேஸ் கனெக்‌ஷன் அவள் பெயரில் இருந்தது. சிலிண்டர் கொண்டுவரும் பையனுக்கு ஓடிபி நம்பரைச் சொல்லும்போதே, இதில் இன்னின்ன சமைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வது அவள் வழக்கம். பதினாலு கிலோ கேஸும் அதைக் கேட்டு வைத்துக்கொண்டிருந்தது. லாரி மூச்சு வாங்காமல் இரண்டாவது கியரில் மலை ஏறியது. புதனன்று கருவாட்டுக் குழம்பு, வெள்ளியன்று மீன், ஞாயிறன்று ஆட்டுக்கறி என்று வரிசை பிசகாமல் மணத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் மலை சனங்கள் களித் தட்டோடு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மூன்றாவது வளைவில் குடியிருந்த அமிர்தம் கையைக் காட்டி வண்டியை மடக்கினாள். "அண்ணே, மெதுவா போண்ணே. புள்ளைங்க இன்னும் துன்னு முடிக்கல."

கீழே பவுலின் மெஸ்ஸில் கதை வேறு. அவள் விறகடுப்பில் அதே கையால், அதே மிளகாய்த்தூளில்தான் குழம்பு வைத்தாள். குழம்பு இருந்தது, வாசனை இல்லை. தட்டில் ஊற்றினால் சிவப்புத் தண்ணீரைப் பார்த்த மாதிரி கரும்பாலை ஆட்கள் விழித்தார்கள். கொரோனா திரும்பிவிட்டது என்று பயந்து சிலர் ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக எதிர்க்கடைப் பரோட்டாவுக்கு மாறினார்கள். ஈ கூட உள்ளே வரவில்லை. தன் கையில்தான் ஏதோ போய்விட்டது என்று பவுலின் நம்பினாள். அந்தக் கை ஒன்றுதான் தன் சொத்து என்று நினைத்திருந்தவள் அவள். மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அந்த மெழுகுவத்திக்காவது வாசனை வருகிறதா என்று குனிந்து முகர்ந்து பார்த்தாள். பாவம்.

லாரியில் மூட்டை தூக்கும் சுபாஷ்தான் உடைத்துச் சொன்னான். "யக்கா, உன் கொழம்பு மலையில மணக்குது. போய்ப் பாரு." மறுநாள் அவள் வெள்ளிமலை பஸ் ஏறினாள். முதல் வளைவிலேயே முன்னால் புருஷனின் லாரி போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கருவாட்டுக் குழம்பு உள்ளே வந்தது. பஸ்ஸே எச்சில் விழுங்கியது. "யாரு வெச்ச கொழம்புய்யா இது! அந்தக் கைக்குத் தங்க வளையல் போடலாம்" என்றார் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷமாக அடுப்புப் புகைக்குள் நின்று சமைத்தவளுக்குத் தன் குழம்பு தூர இருப்பவர் மூக்கில் எப்படி மணக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடேயப்பா, நானா இதை வைக்கிறேன் என்று பூரித்துப்போனாள். கண்டக்டரிடம் கையை நீட்டிக் காட்டலாமா என்றுகூட யோசித்தாள். நம்பர் சொல்லும்போது தான் நினைத்ததுதான் சிலிண்டரோடு மலை ஏறியிருக்கிறது என்று புரிந்ததும், அடுத்த வளைவுக்குள் அந்தப் பூரிப்பு முழுக்கக் கோபமாகிவிட்டது.

"ஜெனிபரு அப்பா, என் சிலிண்டர கயட்டிக் குடுங்க" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"கேஸு இல்லன்னா வண்டி ஏறாது. கெழங்கு அழுவிப்பூடும்."

"கெழங்கு அழுவக் கூடாது, என் மெஸ்ஸு அழுவலாமா?"

லாரன்ஸ் கெட்டவன் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் சோற்றைப் பற்றி "ம்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்காவது அந்த "ம்"மோடு நிறுத்தியிருக்கலாம். "வாசனதான போச்சு, கொழம்பு இருக்குதில்ல?" என்று கேட்டுவிட்டான்.

பவுலின் அடுப்படிக்குப் போய் விறகைத் தள்ளிவிட்டாள். பழைய சிலிண்டர் தீர்ந்து புது சிலிண்டர் வந்தபோது, கொண்டுவந்த பையனை வாசலில் நிறுத்தி வைத்து, அடிப்பிடித்த பால், புளித்துப் பொங்கிய இட்லி மாவு, ஊசிப்போன சாம்பார், கூமுட்டை என்று ஒவ்வொன்றாக நிதானமாக நினைத்துக்கொண்டு நம்பரைச் சொன்னாள். லாரன்ஸ் அந்த சிலிண்டரை மாட்டிக்கொண்டு மலை ஏறினான். முதல் வளைவில் பால் தீய்ந்தது. மூன்றாவது வளைவில் கூமுட்டை வந்தபோது அமிர்தம் தட்டோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குரங்குகள் மரம் மாறி உட்கார்ந்தன. வண்டி வந்தால் கிழங்கும் நாறும் என்று குடியானவர்கள் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். லாரன்ஸ் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினான். சின்னக்கண்ணு எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பார்த்தான். "எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லண்ணே. கோளாறு வூட்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அந்த நாற்றம் பிடித்த கேஸை வெளியில் திறந்துவிடவும் முடியாது, ஊரே அடிக்க வரும். லாரன்ஸ் வண்டியைச் சுடுகாட்டுப் பக்கம் நிறுத்தி, சிலிண்டர் காலியாகும்வரை எஞ்சினை ஓடவிட்டான். அடுத்த சிலிண்டர் வந்த அன்று காலையில் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான்.

"பவுலினு, இன்னிக்கி இன்னா கொழம்பு?"

அவள் கரண்டியை நிறுத்தினாள். "இன்னாத்துக்குக் கேக்குறீங்க?"

"தெரிஞ்சிக்கலாம்னு."

அவள் ஒரு தட்டை எடுத்து வைத்து, விறகடுப்பில் வைத்த அந்த வாசனையற்ற குழம்பை ஊற்றினாள். சாப்பிடும்போது எப்போதும் பார்க்கும் போனை லாரன்ஸ் அன்றைக்கு எடுக்கவில்லை. ஒரு வாய் போட்டான், கண்ணை மூடிக்கொண்டு மென்றான். மணம் இல்லாத குழம்பில் ருசி கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, அவனுக்கு நெற்றி வேர்த்தது. கடைசியில், "புளி ஒரு பொட்டு ஜாஸ்தி" என்றான்.

பவுலின் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஜாஸ்திதான். அவளுக்குப் பொசுக்கென்று அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். தங்க வளையல் கிடைத்திருந்தால்கூட அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். சிலிண்டரோடு வாசலில் நின்ற பையன், "யக்கா, நம்பரு!" என்று கத்தினான். இந்த வாசனை மலைக்கும் மெஸ்ஸுக்கும் சேர்த்துப் போதும் என்று நினைத்துக்கொண்டு அவள் நம்பரைச் சொன்னாள். பையன் பைக்கைத் திருப்புவதற்குள் லாரன்ஸின் தட்டில் குழம்பு மணக்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு வாசனைக்கு எங்கேயும் குறை வந்ததில்லை. பரோட்டாவுக்குப் போனவர்கள் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிடுகிற நேரத்தில் அதெல்லாம் யார் கேட்பார்கள். லாரன்ஸுக்குத்தான் வாய் திறந்தது திறந்ததுதான். உப்பு கம்மி, கடுகு கருகிடுச்சு, பூண்டு இன்னும் ரெண்டு பல் போட்டிருக்கலாம் என்று தினமும் ஏதாவது சொல்கிறான். பவுலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். ரொம்பப் போனால், "கெழங்கு அழுவுது, கெளம்புங்க" என்கிறாள்.