வேலிக்கு என்ன நிறம்?

1

இது கதையாகத் தொடங்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பராமரிப்பு இதழ் ஒன்றில் கட்டுரை கேட்டிருந்தார்கள்: மரவேலிக்குச் சாயம் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள். அரை நாள் வேலை என்று உட்கார்ந்தேன். இப்படி ஆரம்பித்தேன்:

‘ஈர மரத்தில் சாயம் பூசக் கூடாது. ஈர மரம் சாயத்தைக் குடிக்காது. மேலேயே நிறுத்திவைத்து, அடுத்த மழைக்குள் தோல் தோலாக உரித்துப் போட்டுவிடும். எனவே வேலியைக் கழுவிய பிறகு

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. ‘கழுவிய பிறகு’ என்று எழுதியதும், கழுவியது யார் என்ற கேள்வி வந்துவிட்டது. பார்த்தால், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஒருவர் வேலி முன்னால் குந்தியிருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. மூக்குக்கண்ணாடியில் சோப்பு நுரை. “எழுந்திருங்க சார், இது கட்டுரை” என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. கட்டுரைதான் எழுந்து போனது.

2

அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்துப் பிழை பிடிக்கும் வேலை. க், ச், த், ப் எங்கே விட்டுப்போனாலும் அவர் கண் நேராக அங்கே போய் நிற்கும். அதனால் அச்சகத்தில் அவருக்கு ‘ஒற்று’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘ஒற்று சார்’.

(தலைப்பில் ஒற்று எதுவும் விட்டுப்போகவில்லை. பார்த்துவிட்டேன். இப்படி ஒருவரை வைத்துக் கதை எழுதுவது, டிக்கெட் பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் போவது மாதிரி. டிக்கெட் வைத்திருந்தாலும் கை அடிக்கடி சட்டைப்பையைத் தடவுகிறது.)

அவர் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனில் வரும் பிள்ளைகள் வைத்த பெயர் வேனம்மா. தெருவுக்கே அதுதான் பெயர் ஆகிவிட்டது.

“மழைக்கு முன்னாடி ஆள் கூப்பிட்டு வேலிக்குச் சாயம் அடிச்சிடலாங்க” என்றார் வேனம்மா.

“ஆள் எதுக்கு? நான் இருக்கேன்ல?”

“நீங்களா?”

அந்த ‘நீங்களா’வை வேனம்மா கொஞ்சம் இழுத்துவிட்டார். ஒற்று சாருக்கு அது சுருக்கென்றது. பள்ளி விடுமுறைக்கு வேனம்மா தங்கை வீட்டுக்குக் கிளம்பிய மறுநாளே களத்தில் இறங்கிவிட்டார்.

3

அடுத்துச் சொல்லப்போவதை ஒளித்துவைத்து, கடைசியில் எடுத்துக் காட்டி உங்களை அசத்தலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒற்று சாருக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. சின்ன வகுப்பில், மரத்துக்குப் பழுப்பில் இலையும் பச்சையில் அடிமரமும் தீட்டினார். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அன்றைக்கு மூடிய வாய். பிறகு மனைவியிடம்கூடத் திறக்கவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளாததற்கு, “எனக்குப் பயம்” என்று ஒரு காரணம் வைத்திருந்தார்.

(இங்கே எனக்கே ஒரு சந்தேகம். பிழை திருத்துகிறவர் சிவப்பு மையை என்ன செய்வார்? கறுப்புப் பென்சிலால் திருத்துகிறார் என்று வைத்துக்கொண்டேன். கேட்டவர்களிடம், “சிவப்பு மை எழுதினவங்க மனசை நோகடிக்கும்” என்பார். எவ்வளவு பெரிய மனசு என்று அச்சகத்தில் பேசிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.)

4

வேலையை அவர் முறையாகத்தான் செய்தார். கட்டுரையில் நான் திட்டலாம் என்று வைத்திருந்த தவறுகளில் பலவற்றை அவர் செய்யவே இல்லை. பழைய பாசியைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டார். பலகை மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். முத்து முத்தாக உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கியது. உப்புத்தாளை மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்த்தார். செடிகளின் மேல் சாயம் தெறிக்காமலிருக்க அச்சகத்திலிருந்து கழிவுத்தாள் கொண்டுவந்து போர்த்தினார். (போர்த்தும்போதே ஒரு தாளில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, பென்சில் தேடி உள்ளே போய்விட்டு வந்தார்.) உச்சிவெயிலில் பூசவில்லை. அந்தச் சூட்டில் சாயம் ஊறும் முன்பே காய்ந்து, பட்டை பட்டையாகத் தெரியும். காலை நிழலில், மெல்லிசாகப் பூசி, ஊறாமல் நின்றதைத் துணியால் துடைத்தெடுத்தார். சாயத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கும் என்று எங்கோ படித்திருந்தார். அதனால் ஒவ்வொன்றையும் கொடியில் விரித்துப் போட்டார்.

டப்பாவில் இருந்ததைக்கூட அவர் எழுத்து எழுத்தாகப் படித்தார். ‘நன்கு கலக்கி பயன்படுத்தவும்’ என்று போட்டிருந்தது. பென்சிலால் ஒரு ‘ப்’ சேர்த்தார். மனம் நிறைந்தது. அதற்குக் கீழே நிறத்தின் பெயர் இருந்தது. அதில் பிழை இல்லாததால் அவர் கண் அங்கே நிற்கவில்லை. நிறைய டப்பா அடுக்கியிருந்த இடத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்திருந்தார். இப்போது வழிந்த சாயம் அந்தப் பெயரை மூடிவிட்டது.

பாதி வேலியில் டப்பா காலியானது.

தவறு என்றால் இதுதான். தேவையான அளவை முதலிலேயே மொத்தமாக வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே பெயர் போட்ட இரண்டு டப்பாகூட ஒரே நிறமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

5

கடையில் இந்த முறை ஓர் அம்மா இருந்தார்.

“என்ன ஷேடு சார்?”

“முந்தி வாங்கினேனே, அதே.”

“அப்போ என் தம்பி இருந்திருப்பான். டப்பாவை எடுத்துட்டு வந்தீங்களா?”

“இல்லையே.”

அந்த அம்மா இரண்டு டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தார். “வேலிக்குன்னா இந்த ரெண்டுதான் அதிகமா போகும். இதுவா, இதுவா?”

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு டப்பாவிலும் ஒரே சாயம். பின்னால் இரண்டு பேர் வேறு நின்றிருந்தார்கள்.

‘“எனக்கு நிறம் சரியா தெரியாதும்மா, டப்பாவைக் கொண்டாந்து காட்டுறேன்” என்று அவர்

இதை எழுதிவிட்டு நிறுத்தினேன். அப்படி அவர் சொல்லியிருந்தால் எனக்கும் நிம்மதி, வேலிக்கும் நிம்மதி. ஆனால் அத்தனை வருடம் மூடியிருந்த வாய், பெயிண்ட் கடையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடமா திறக்கும்? அவர் இடது பக்க டப்பாவைத் தொட்டு, “இதுதான்” என்றார். தயக்கமே இல்லாத குரலில்.

6

மிச்ச வேலியும் முடிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று பார்த்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு வழிசல் இல்லை. பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. அந்தப் பக்கமாக வந்த எலக்ட்ரீஷியன் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“சார், டிசைன் அசத்தல்!”

“டிசைனா?”

“பாதிக்குப் பாதி! நம்ம தெருவுல இப்படி யாரும் பண்ணதில்ல. தைரியம் வேணும் சார்.”

“ஆமா... சும்மா, ஒரு இதுக்கு...”

ஸ்கூட்டர் போய்விட்டது. ஒற்று சார் வேகமாக உள்ளே போனார். பழைய டப்பாவை எடுத்து, காய்ந்த சாயத்தை நகத்தால் சுரண்டினார். ‘தேக்கு’ என்று வந்தது. புது டப்பாவைத் திருப்பினார். ‘பாசிப்பச்சை’. நிறம்தான் அவரை ஏமாற்றும், எழுத்து ஏமாற்றாது.

தேக்கில் இன்னொரு டப்பா வாங்கி, பச்சையைத் தேய்த்து எடுத்து, மறுபடி பூசி... என்று கணக்குப் போடுவதற்குள் தெருமுனையில் வேனின் ஹார்ன் கேட்டது.

7

வேனம்மா இறங்கினார். பையைக் கீழே வைத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“ஏங்க, என்ன இது?”

இங்கே ஒரு வரைவில் அவரை, “டிசைன்” என்று சொல்லவைத்தேன். எலக்ட்ரீஷியன் பொய்யைத் தயாராகத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுத்தானே போயிருந்தார். வேனம்மாவும் நம்பினார், கதை அங்கேயே படுத்துவிட்டது. அதை அடித்துவிட்டேன். நடந்தது இது:

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றார் அவர்.

“எது ரெண்டும்?”

“பச்சையும் பழுப்பும். பொறந்ததுல இருந்தே.”

வேனம்மா திரும்பி வேலியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு வேனைக் காட்டினார். “இது?”

“மஞ்சள். அது நல்லாவே தெரியும்.”

“நான் போட்டிருக்கிறது?”

“...தெரியல.”

“இத்தனை வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையே, ஏன்?”

“சிரிப்பியோன்னு...”

“சிரிக்கத்தான் செய்வேன். அதுக்குன்னு?” வேனம்மா கீழே வைத்த பையை எடுக்கக் குனிந்தார். அடுத்த நிமிடம் வேறு ஏதோ நினைவுக்கு வந்து நிமிர்ந்தார். “அப்போ துணிக்கடையில நான் எடுத்து எடுத்துக் காட்டுவேனே? ‘இது உனக்கு எடுப்பா இருக்கு’ம்பீங்களே? அதெல்லாம்?”

“உன் முகத்தைப் பாத்துச் சொல்வேன். உனக்குப் பிடிச்சிருந்தா புருவம் லேசா மேல போகும்.”

“அடப்பாவி மனுஷா! நான் உங்க முகத்தைப் பாத்துல்ல வாங்கினேன்! அதுல பாதி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படியானால் பீரோ நிறைய இருக்கும் அந்தத் துணிகளையெல்லாம் தேர்ந்தெடுத்தது யார்? முதலில் வேனம்மாதான் சிரித்தார். சிரிப்பு தாங்காமல் வேலியில் சாய்ந்தார்.

“சாயாதே, ஈரம்!”

சாய்ந்தாயிற்று. முதுகு முழுக்கச் சாயம்.

“என்ன நிறம்னு என்னைக் கேக்காதே” என்றார் அவர். வேனம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒற்று சாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ தன்னைப் பார்த்து இப்படி விழுந்து விழுந்து சிரிப்பதும், அது தனக்கு நன்றாக இருப்பதும் அவருக்குப் புதிது.

8

முடிவுக்கு வரவேண்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் மறுநாள் இருவரும் பச்சையைத் தேய்த்து எடுத்து, முழுக்கத் தேக்கு அடித்துவிடுகிறார்கள். அழகான வேலி, யாரும் திரும்பிப் பார்க்காத வேலி. இன்னொன்றில் வேலி அப்படியே நிற்கிறது, தெருவில் நாலு வீடு அதைப் பார்த்து ‘டிசைன்’ பண்ணுகிறது. இரண்டும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான்தான் தெரிந்தேன், அவர்கள் தெரியவில்லை.

உண்மையில் அன்று சாயங்காலம் நடந்தது இவ்வளவுதான். வாசலின் மரக் கேட் ஒன்று மட்டும் பூசாமல் பாக்கி இருந்தது. கடைக்குப் போய் வேனம்மா தேக்கு டப்பா ஒன்றும் வாங்கி வந்துவிட்டார். மிச்சமிருந்த பச்சை டப்பாவும் புதுத் தேக்கு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன.

“கேட்டை நான் பாத்துக்கிறேன். நீங்க உக்காருங்க” என்றார். பிரஷ்ஷை முக்கி எடுத்தார். விளிம்பில் வழித்தார்.

ஒற்று சார் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த டப்பா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறேன், அவருக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. பிரஷ் நனைந்திருந்தது, மரம் காய்ந்திருந்தது, வெயில் இறங்கியிருந்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

உங்களுக்கு நிறம் நன்றாகத் தெரியும் என்றால், வேனம்மா கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக, ரேகை பார்த்து, மெல்லிசாக.