மீன் என்று சொன்ன கை

ஹெல்விக் மடத்தில் நானும் தூவேயும் பதினெட்டு வருடம் உழைப்புச் சகோதரர்களாக, மடத்துக் கைவேலைகளைச் செய்பவர்களாக, இருந்தோம். எழுத்து எங்களுக்கு விலக்கு. அதை நான் மடம் மூடிய பிறகுதான் கற்றேன். வேலை நேரத்தில் பேசவும் கூடாது. ரொட்டி, தண்ணீர், போதும் என்று எல்லாவற்றுக்கும் கைச் சைகை உண்டு.

ராஜா மதத்தை மாற்றினார். துறவிகள் போனார்கள், மணிகள் போயின, கூரையின் ஈயத் தகடும் போயிற்று. மிச்சமிருந்த கல்லையும் கோட்டை கட்ட அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, இடிக்கும் கூலிக்கு எங்களையே கூப்பிட்டார்கள். போனோம்.

அன்று சமையற்கூடத்துச் சுவர். அடியில் குனிந்து தூவே கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தான். மேலே விரிசல் ஓடுவதைப் பார்த்தேன். கையை உயர்த்தி 'விலகு' என்று காட்டினேன். அவன் முதுகு என் பக்கம் இருந்தது. கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவர் சரிந்தது.

தூசி அடங்கியபோது கற்குவியலின் நடுவே ஒரு கை மட்டும் தெரிந்தது.

மேஸ்திரி கிளாவ்ஸ் தொப்பியைக் கழற்றினான். "முடிஞ்சுது. யாரும் கிட்டப் போகாதீங்க, மிச்சமும் விழும்."

"கை ஆடுது," என்றேன்.

"உசுரு போறப்ப ஆடத்தான் செய்யும், பெரியவரே. கோழிக்குக்கூட ஆடும்."

கை விரல்களைச் சேர்த்துக்கொண்டு இடமும் வலமுமாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. மீனின் வால்.

"மீன்னு சொல்றான்."

"சாகப்போற நேரத்துல மீன் கேக்குதாக்கும்," என்றான் பின்னால் ஒருவன்.

சமையற்கூடத்தின் அடியிலிருந்து மீன்குளத்துக்கு ஒரு கல் வாய்க்கால் போகிறது, ஆள் தவழ்கிற அகலம். வருடா வருடம் நாங்கள் இருவரும் சேறு அள்ளியது. குளம் வற்றிப்போய் நாளாகிவிட்டது. தரை உடைந்து அவன் அதற்குள் விழுந்திருக்கிறான்.

குளத்து முனையில் கடப்பாரையோடு இறங்கித் தவழ்ந்தேன். மேலே ஒரு கல் முனகியது. 'ஆண்டவரே, இனி வாயைத் திறக்கிறேன், அவனை மட்டும் காப்பாற்றும்' என்று வேண்டிக்கொண்டே போனேன். அவன் செருப்பு கையில் தட்டுப்பட்டது. பாதத்தின் மேல் ஒரு கல். நெம்பினேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு அவனை இழுத்துக்கொண்டு பின்னோக்கியே ஊர்ந்தேன்.

வெளியே வந்ததும் பீர் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னேன். வாயிலிருந்த சுண்ணாம்பைத் துப்பினான்.

"ஏன்டா, சாமி உனக்கு வாயை எதுக்குக் குடுத்தாரு? கஞ்சி குடிக்க மட்டுமா?"

"கை காட்டினேனே."

"என் முதுகுலயா கண்ணு இருக்கு?"

காய்ந்த குளத்தில் உட்கார்ந்து, அவன் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு இதமாக எதையும் நான் கேட்டதில்லை.

மறுநாள் அவன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கல் வண்டியில் உட்கார்ந்திருந்தான். நான் ஒரு கூழாங்கல் உருண்டாலும் கத்தினேன். மதியத்துக்குள் தூவே பொறுக்கமாட்டாமல் பழைய சைகை ஒன்றைக் காட்டினான். உதட்டின் மேல் ஒரு விரல்.