தொட்டிக்கு மூன்று கிளாஸ்

உலகக் கடல்களின் எதிர்காலத்தில் அக்கறையுள்ள அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: புனித நிக்கோலாஸ் திருநாளுக்குள் பச்சைமுடிப் பாசி அடியோடு ஒழிக்கப்படும். இப்படிக்கு, கிகிந்தா பவளப்பாறைக் கழகம்.

தீர்மானம் நிறைவேறிய இடம் வேட்டைக்காரர் சங்கத்தின் பின்னறை. எங்கள் ஊர் கிகிந்தாவிலிருந்து கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். அதைச் சொன்னால் எங்கள் தலைவர் ஜிவோராத்துக்குக் கோபம் வரும். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஒரு காலத்தில் இந்தச் சமவெளியே கடலாகத்தான் இருந்தது, நாம் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டோம், அவ்வளவுதான் என்பார். வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து மீனும் பவளமும் வளர்க்கிற உறுப்பினர்கள் ஐந்து பேர். அதில் ஒருவருடைய தொட்டி உடைந்து பல வருஷமாகிறது. அவர் பீருக்காக வருகிறார்.

ஒழிக்கப்பட வேண்டிய பாசி இருந்தது திஹோமிரின் தொட்டியில். ஆலை மூடியதிலிருந்து அவனுக்கு வேலையில்லை. அவன் மனைவி தெசாங்கா ஸ்டுட்கார்ட்டில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள். போகும்முன் அவள் வாங்கி விட்டுப்போன இரண்டு கோமாளி மீன்களை ஞாயிறுதோறும் கைபேசியில் காட்டுவான். கோடையிலிருந்து காட்ட ஒன்றுமில்லை. பாறை, பவளம், குழாய் எல்லாவற்றிலும் பச்சை மயிர். சீவாத தலையில் பேன் திரிவதுபோல மீன்கள் உள்ளே எங்கோ திரிந்தன.

டிசம்பரில் வரும் அந்தத் திருநாள் அவர்கள் வீட்டுக் காவல் புனிதருடையது; எங்கள் ஊரில் வீட்டுக்கொரு புனிதர் உண்டு. அதற்கு வருகிறேன் என்று தெசாங்கா சொல்லியிருந்தாள். வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வாளாம், இங்கேயே தங்குவதா, கிழவரிடமே திரும்புவதா என்று. அவள் கேட்டதை அப்படியே எங்களிடம் ஒப்பித்தான்: "ரெண்டு மீனைப் பாத்துக்கத் தெரியாத ஆளு, என்னை எப்படிப் பாத்துக்கப்போறே?"

கழகம் கூடி ஆராய்ந்தது. வெளிநாட்டுப் பாசிக்கொல்லிப் பொடியின் விலை தலைவரின் ஓய்வூதியத்தில் பாதி. ஆகவே அது அறிவியலுக்கு விரோதமானது என்று முடிவாயிற்று. கையால் பிடுங்கு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய், விளக்கு எரியும் நேரத்தைக் குறை, தீனியைக் குறை (மிஞ்சுகிற தீனிதான் பாசிக்கு எரு), வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்று, வசந்தம்வரை பொறு என்றேன் நான். செலவும் இல்லை. அழுக்குக் கழுத்தோடு வகுப்புக்கு வந்த மாணவனைப் பார்ப்பதுபோல ஜிவோராத் என்னைப் பார்த்தார்.

அவர் எங்கோ படித்திருந்தார். தொட்டியில் சில துளி வோட்கா விட்டால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று பெருகும். பாசிக்குப் போகிற சத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பாசி பட்டினியில் சாகும். உண்மைதான். துளித்துளியாக, மாதக்கணக்கில் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிட்டார்போல.

ஆனால் வோட்காவா? தலைவர் வீட்டில் சொந்தத் தோட்டத்துப் பிளம் சாராயம் இருக்கும்போதா? மேலும் அவர் திஹோமிருக்கு வெறும் தலைவர் இல்லை, கூம். கல்யாணத்தில் சாட்சி நின்றவர்; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கூம் என்றே கூப்பிடுவார்கள். பெற்ற அப்பனை எதிர்த்துப் பேசலாம். கூம் கொண்டுவந்த பாட்டிலை வேண்டாமென்று சொன்னவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் பகலில் கழகம் முழுவதும் திஹோமிர் வீட்டில் கூடியது. அளந்து விட அவன் மருந்துக்கடையில் ஊசி ஒன்று வாங்கி வைத்திருந்தான்.

"ஊசியா? கூமே, இது பிளம் சாராயம். காய்ச்சல் மருந்து இல்லே" என்றார் ஜிவோராத். ஒரு கிளாஸ் நிறைய ஊற்றித் தொட்டியில் கவிழ்த்தார். எங்களுக்கும் ஆளுக்கொன்று. பிறகு இரண்டாவது. முதல் கிளாஸ் ஒரு காலுக்கு, அடுத்தது மறுகாலுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கு. யாரையும் ஒற்றைக்காலில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தொட்டி எங்கும் போகப்போவதில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மூன்றாவது கடவுளுக்கு.

"போதும் கூமே. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே" என்று திஹோமிர் முனகினான்.

"நாளைக்கு உன் பெண்டாட்டி வர்றா. பொறுக்க உனக்கு நேரம் இருக்கா?"

மூன்றாவதும் இறங்கியது.

விடிந்தபோது தொட்டி கஞ்சித்தண்ணீராக வெளுத்திருந்தது. தலைவர் சொன்னபடியே கிருமிகள் பெருகியிருந்தன. பெருகிய வேகத்தில் தண்ணீரிலிருந்த காற்றையெல்லாம் குடித்திருந்தன. திஹோமிர் கூப்பிட்டான், ஓடினேன். மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றுக் கலக்கட்டும் என்று ஜாடியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தான். திருநாள் விடியற்காலை, காற்றுப் பம்பு வாங்க ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. ஒன்று சாய்ந்தது. சற்றுப் பொறுத்து மற்றதும் சாய்ந்தது. அவன் நிறுத்தவில்லை.

தெசாங்கா பெட்டியோடு உள்ளே வந்தபோதும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தான். முழங்கைவரை ஈரம். அவள் கத்தவில்லை. தொட்டியைப் பார்த்தாள். பாறைமேல் பாசி ஒரு குறையுமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போட்டாய் என்று கேட்டாள்.

"நான் சாப்பிடுறப்போ எல்லாம்."

"எதுக்கு?"

"தனியா எப்படிச் சாப்பிடுறது?"

அவன் கையிலிருந்த ஜாடியை வாங்கிக் கீழே வைத்தாள். அவன் கைகளைத் துண்டால் துடைத்துவிட்டாள். பிறகு சட்டையை மாற்றச் சொன்னாள், விருந்தாளிகள் வருவார்களே.

வந்தார்கள். இறைச்சி கூடாத நோன்புக்காலம் என்பதால் பொரித்த கெண்டை, பீன்ஸ் குழம்பு, திருநாள் ரொட்டி. தெசாங்காவே எல்லோருக்கும் பரிமாறினாள். திஹோமிர் தட்டைத் தொடவில்லை. இரண்டு துண்டு கெண்டையை முடித்துவிட்டு ஜிவோராத் எழுந்தார். பரிசோதனை கொள்கையளவில் வெற்றி என்றார். சாராயத்தின் தரத்தைக் கழகம் குறைத்து மதிப்பிட்டுவிட்டது, குறை அது ஒன்றே. அறிவியலுக்காக உயிர்நீத்தவர்களுக்கு மரியாதை செய்வோம் என்றதும் திஹோமிர் உட்பட எல்லோரும் எழுந்து நின்று குடித்தோம். அவன் கிளாஸ் காலியாவதைத் தெசாங்கா பார்த்தாள்.

வியாழக்கிழமை பேருந்தில் தெசாங்கா ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பிப் போனாள்.