மணிக்கூண்டுச் சிங்கங்கள்

வெள்ளைத் துணி சரிந்து விழுந்ததும் பஜார் முழுக்க ஒரே கூச்சல். பட்டாசு, பேண்டு, விசில். சௌந்தரம் தன் அப்பாவின் போட்டோ ஸ்டுடியோ வாசலில் நின்று கைதட்டியதில் இரண்டு கண்ணாடி வளையல்கள் உடைந்தன. அவள் கவனிக்கவில்லை. அவள் பிறந்த வருஷம், சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்துக் கோலார் தங்கவயலே குலுங்கிய ஒரு காலையில் இடிந்து விழுந்த மணிக்கூண்டு, இதோ, அதே இடத்தில் எழுந்து நின்றுவிட்டது. முனிசிபாலிட்டி கொட்டகையில் இத்தனை காலம் குவிந்து கிடந்த பழைய கற்களையே பொறுக்கி அடுக்கிக் கட்டியிருந்தார்கள். வெயில் பட்டு அது மின்னியபோது அவளுக்கு எங்கோ தூர தேசத்துக் கோட்டை ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்து தங்கள் தெருவில் நின்றது போல இருந்தது.

"ஏய், சிங்கம் எங்கடா?"

கேட்டது வேர்க்கடலை விற்கிற பாப்பம்மா. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றிருந்தாள்.

"இன்னாம்மா சிங்கம்?"

"படிக்கட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சிங்கம் இருந்துச்சே! நாக்க நீட்டிக்கினு! சின்ன வயசுல அது முதுகு மேல ஏறி உக்காந்துக்கினுதானே நான் கடல வித்தேன்!"

கூட்டம் படிக்கட்டைப் பார்த்தது. வெறும் படி. பேண்டு வாசிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஒரு நிமிஷத்தில் பஜார் முழுவதும் அதே கேள்வி: "சிங்கம் எங்கே?"

சௌந்தரத்தின் கை அந்தரத்திலேயே நின்றது. சிங்கம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் முதுகுக்குப் பின்னால், ஸ்டுடியோவுக்குள், படம் எடுக்கத் தொங்கவிட்டிருக்கும் படுதாவில் இருக்கிறது.

மணிக்கூண்டு விழுந்த கையோடு அவள் அப்பா சிவப்பிரகாசம் ஞாபகத்திலிருந்து வரைந்த படுதா அது. விழுவதற்கு முன் எடுத்த படம் யாரிடமும் இல்லாததால், அதன் பிறகு தங்கவயலில் கல்யாணம் ஆனவர்கள் எல்லாரும் அந்தப் படுதாவின் முன்தான் நின்றார்கள். பெண் இடப்பக்கத்துச் சிங்கத்தின் அருகில், மாப்பிள்ளை வலப்பக்கத்துச் சிங்கத்தின் தலையில் கை வைப்பது போல. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடானாலும் கடைக்காரர் வீடானாலும் சுவரில் அந்தப் படம் தொங்கியது. ஊர் மணிக்கூண்டை மறந்து படத்தை ஞாபகம் வைத்துக்கொண்டது.

மேடையருகே சத்தம் முற்றியது. கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரி தம்மபாலன், கழுத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் மாட்டிக்கொண்டார். நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கோவிந்தசாமி அவர் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான்.

"கல்லு பூரா உங்கிட்டதானே இருந்துச்சு? ரெண்டு சிங்கத்தையும் பெங்களூர்ல எந்த பங்களாவுக்குய்யா தள்ளிவுட்ட?"

"கொட்டாயில சிங்கமே இல்லீங்க. பழைய பிளான்லயும் இல்ல."

"பிளானையும் நீயே போட்டிருப்ப!"

அதற்குள் பாதிக் கூட்டம் வீட்டுக்கு ஓடியது. திரும்பி வந்தபோது ஆளுக்கொரு கல்யாணப் படம். சுவரிலிருந்து கழற்றிய ஆணியோடு சிலது, சந்தனப் பொட்டோடு சிலது. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஆட்டினார்கள். கண்ணாடிச் சட்டங்களில் வெயில் பட்டுச் சிதற, நூறு ஜோடிச் சிங்கங்கள் பஜார் மீது நாக்கை நீட்டின. மேடையில் முனிசிபாலிட்டி சேர்மன் வேர்வையைத் துடைத்தார். "மேஸ்திரி, போலீசுக்குச் சொல்லி அனுப்பறதுக்குள்ள உண்மைய சொல்லிடு" என்றார்.

இனி எந்த ஊரில் தம்மபாலன் கொத்துக் கரண்டி பிடித்தாலும், சிங்கம் திருடியவன் என்ற பேர் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

சௌந்தரம் திரும்பினாள். அப்பா வாசலில் நிறுத்தியிருந்த காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். படம் எடுக்கிற மாதிரி தெரியவில்லை.

"அப்பா, போய்ச் சொல்லுங்க."

"எதைம்மா?" துணிக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"அவரைத் திருடன்றாங்க."

"தானா அடங்கிடும். நான் சொன்னா நம்ம படம் எல்லாம் பொய்னு ஆயிடும். இன்னொரு கல்யாண ஜோடி நம்ம ஸ்டுடியோ படியேறுமா?"

"போலீசுன்றாங்கப்பா!"

அப்பா துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் உள்ளே ஓடினாள். படுதாவை மேல்கட்டையோடு கழற்றி, தோளில் போட்டு, தரையில் இழுபட இழுபடத் தெருவுக்குக் கொண்டு வந்தாள். "வழி வுடுங்க! வழி வுடுங்க!" என்று கத்திக்கொண்டே மணிக்கூண்டுப் படியில் ஏறிக் கட்டையை உயர்த்திப் பிடித்தாள். அசல் மணிக்கூண்டின் முன் துணி மணிக்கூண்டு விரிந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

"தோ பார்! சிங்கம்!"

"இப்ப இந்தப் பக்கம் பாருங்க" என்று சௌந்தரம் படுதாவைத் திருப்பினாள்.

பின்பக்கம், சிங்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில், கோணல்மாணலாகத் தைத்த இரண்டு ஒட்டுத் துணிகள்.

"படுதா காயறதுக்குள்ள எலி கடிச்சிடுச்சு. ரெண்டு ஓட்டை. ஒட்டு தெரியாம இருக்கத்தான் எங்கப்பா சிங்கம் போட்டாரு. மணிக்கூண்டுல சிங்கம் எப்பவும் இருந்ததில்ல. மேஸ்திரி எதையும் திருடல."

பாப்பம்மா கிட்டே வந்து ஒட்டுத் துணியை விரலால் தடவினாள்.

"அப்போ நான் எது மேலடி உக்காந்திருந்தேன்?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. சிரிப்பு படியிலிருந்து பேண்டு வரை, பேண்டிலிருந்து மிட்டாய்க் கடை வரை ஓடியது. ஒருத்தன் தன் கல்யாணப் படத்தைப் பார்த்து, "அடப்பாவி, எலி ஓட்டை மேல கை வச்சிக்கினா நிக்கிறேன்!" என்றான். அவன் பெண்சாதி, "உன் மூஞ்சிக்கு அதுவே பெரிசு" என்றாள். சிவப்பிரகாசம் கறுப்புத் துணியிலிருந்து மெல்லத் தலையை வெளியே எடுத்தார்.

ஆனால் பாப்பம்மா சிரிக்கவில்லை. "இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? எங்க எல்லார் வூட்டுலயும் இருக்குது. வைக்கச் சொல்லு சேர்மனே!"

"ஆமா, வையி!" என்றது கூட்டம். "சிங்கம் வையி! சிங்கம் வையி!"

சேர்மனுக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை. மைக்கைப் பிடித்து, "மேஸ்திரி, சிங்கம் வச்சிடலாமா?" என்றார்.

தம்மபாலன் காலரைச் சரிசெய்தார். "முதல்ல நான் திருடன் இல்லன்னு இதே மைக்குல சொல்லுங்க. அப்புறம் சிங்கத்தப் பத்திப் பேசலாம்."

சேர்மன் சொன்னார். ஒரு தரம் போதாது என்று தம்மபாலன் தலையாட்ட, தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் சொன்னார். மூன்றுக்கும் கூட்டம் கைதட்டியது. கோவிந்தசாமி தரையைப் பார்த்துக்கொண்டே வந்து, மேஸ்திரியின் கழுத்தில் கோணலாகத் தொங்கிய மாலையை நேராக்கினான்.

"செய்றேன்" என்றார் தம்மபாலன். "ஆனா பிடரி மயிர் எத்தினி சுருள்னு ஸ்டுடியோக்காரர்தான் வந்து சொல்லணும்."

"வரேன், வரேன்!" என்று சிவப்பிரகாசம் வாசலிலிருந்தே கத்தினார்.

படுதாவைச் சுருட்டக்கூடச் சௌந்தரத்தை விடவில்லை. படியில் அதை விரித்துவைத்து, சிங்கங்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டையை ஆரம்பித்துவிட்டது. நந்திதுர்க் சுரங்கத்தைப் பார்க்கட்டும் என்றது ஒரு பாதி. பஜாரைப் பார்க்கட்டும் என்றது மறுபாதி. சௌந்தரம் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.