ஒரு நுள்ளு உப்பு

என் மச்சாள் இராசமலர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்தில், என் சமையலுக்குக் குறை சொல்லாமல் ஐந்து நாள் இருந்தது கந்தசஷ்டி விரதத்தில்தான். அவர் சாப்பிடவில்லை, அதனால் சொல்லவில்லை. அதற்கு முதல் புட்டு கட்டிப்பட்டது, சொதி தண்ணீராகப் போனது, பருப்புக்கு உள்ளி காணாது என்று நாளுக்கு ஒன்று வரும். நானும் வாய் மூடிக் கேட்கிறவள் இல்லை. "அப்ப நீங்களே வந்து காய்ச்சுங்கோ மச்சாள்" என்பேன். வந்து காய்ச்சவும் செய்வார், அதுதான் இன்னும் எரிச்சல்.

மச்சாள் என் கணவர் சோமசேகரத்தின் அக்கா. புருஷன் இல்லை. ஒரே பிள்ளை பகீரதன். தொண்ணூற்றியோராம் ஆண்டு ஐப்பசியில், சண்டையால் பெரிய பாதை பூட்டிக் கிடக்க, அவன் கொம்படிச் சதுப்பு வெளியால் சேறு மிதித்துக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஒரு ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். கரவெட்டியில் தனியாக இருக்கவேண்டாம் என்று மச்சாளை நாங்கள் உடுவிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். பாங்கொக்கிலிருந்து மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தபால் ஒழுங்காக வராத காலம்தான், ஆனாலும் மற்ற வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் வாசலில் தபால்காரர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவார்.

எட்டு மாதமாகியும் பிள்ளையின் சேதி வரவில்லை என்றுதான் மச்சாள் அந்த வருடம் சஷ்டி பிடித்தார். பகல் முழுக்கத் தண்ணீர். பின்னேரம் கோயில் பூசை முடிந்து வந்து ஒரு தம்ளர் காய்ச்சாத பாலும் ஒரு கதலிப்பழமும். அடுப்பில் ஏறியது வாயில் படக்கூடாது, உப்பு கண்ணிலும் படக்கூடாது. மூன்றாம் நாள் எங்கள் பசு பாலை நிறுத்திக்கொண்டது. பால்மாவைக் கண்டு எத்தனையோ மாதம். ஆக, ஒரு நாளைக்கு ஒரு கதலிப்பழம் என்று வந்து நின்றது.

ஐந்தாம் நாள் காலை கோயிலால் வந்தவர் கிணற்றடித் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். முகத்தில் ஒரு துளி இரத்தம் இல்லை. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கணவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"எனக்கு ஒண்டுமில்லை. நாளைக்குச் சூரன்போர். நாளையிண்டைக்குப் பாறணை. ரெண்டு நாள் தாங்கமாட்டனோ?"

"தாங்கமாட்டியள்" என்றேன் நான்.

"நீர் சும்மா இரும் நாகேஸ்வரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் சிலருக்கு வாய் ஓடும், எனக்கு வாயும் ஓடும் கையும் சும்மா இராது, எதையாவது சமைக்கும். ஆனால் இங்கே அடுப்பே மூட்டக்கூடாதே! அப்போதுதான் பகீரதன் நினைவுக்கு வந்தான். அவன் யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போனால் கூல்பாரில் புரூட் சலட் தின்னாமல் திரும்பமாட்டான். கண்ணாடிக் கிண்ணத்தில் பழத்துண்டுகள், அதற்கு மேலே ஐஸ்கிறீம், அதற்கும் மேலே சிவப்பு ஜெலி. இப்போது கரண்ட் இல்லை, ஐஸ்கிறீமுக்கு எங்கே போவது? பழத்துக்கு என்ன குறை என்று நினைத்தேன்.

"பின்னேரம் நாலைஞ்சு பழத்தை வெட்டிக் கலந்து தாறன். சாப்பிடுவியளோ?"

மச்சாள் கொஞ்சம் யோசித்தார். "பழமெண்டால் ஓம். பச்சையாய் இருக்கோணும்."

"தேங்காய்ப்பால்?"

"காய்ச்சாட்டில் பரவாயில்லை. அதுவும் பால்தானே."

"மேலை பனங்கட்டி சீவிப் போடட்டோ?"

"அது காய்ச்சினது."

"கற்கண்டு?"

"அது போடலாம். சாமிக்குப் படைக்கிறதெல்லோ."

"ஓமோம், கற்கண்டு மரத்திலை காய்க்கிறது" என்று முணுமுணுத்தேன். மச்சாளுக்குப் பாம்புக் காது. ஆனாலும் கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சண்டை பிடிக்கவும் தெம்பில்லை என்று கண்டதும் எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

கணவர் சைக்கிளில் மருதனார்மடம் சந்தைக்குப் போய் ஒரு பப்பாப்பழமும் அரைச்சீப்புக் கதலியும் வாங்கி வந்தார். வளவில் நின்ற மாதுளையில் இரண்டு பழம் வெடிக்கிற பருவத்தில் இருந்தன. மருந்துக்கென்று ஒளித்து வைத்திருந்த வன்னித் தேன் போத்தலையும் எடுத்து வெளியே வைத்தேன்.

பூசைக்கு மணி அடித்த பிறகுதான் தொடங்கினேன். முந்தி வெட்டினால் கதலி கறுத்துப் போகும். முழுகிவிட்டு வந்து, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மட்டும் எடுத்தேன். பப்பாப்பழத்தைத் தோல் சீவி, கொட்டையை வழித்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டினேன். கதலியை வட்டம் வட்டமாக நறுக்கினேன். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிண்ணங்களில் விளிம்பு உடையாதது ஒன்று இருந்தது. அதில் பப்பாப்பழம் ஒரு அடுக்கு, கதலி ஒரு அடுக்கு, திரும்பவும் பப்பாப்பழம். அரை மூடித் தேங்காயைத் திருவி, தண்ணீர் தெளித்தும் தெளிக்காமலும் பிழிந்து, கட்டிப் பாலை ஒரு முட்டியில் விட்டு, தண்ணீர்க் குடத்தின் கீழே ஈர மணலில் புதைத்து வைத்தேன். மச்சாள் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் குளிர்ந்த பாலைப் பழத்தின்மேல் ஊற்றினேன். அதன்மேல் தேன், தேனின்மேல் இடித்த கற்கண்டு, எல்லாவற்றுக்கும் மேலே மாதுளை முத்து. மொத்தமாக அரை மணித்தியாலம் செல்லவில்லை. நான் செய்த சமையலில் நானே நின்று பார்த்து இரசித்தது அது ஒன்றுதான்.

விரதக்காரருக்குச் செய்வதை ருசி பார்க்கக்கூடாது. அதனால் நாக்கில் ஒரு சொட்டும் படாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மச்சாள் சாமியறைப் பக்கம் பார்த்து நிலத்தில் இருந்தார். முதல் கரண்டியை வாயில் வைத்தார். கை அப்படியே நின்றது. கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, மெல்ல மெல்ல, ஒரு மாதுளை முத்துக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்.

"எப்பிடி மச்சாள்?"

"நல்லாயிருக்கு."

ஒரு வருடத்தில் முதல் தடவை. குசினிக்குள் போய்த் தனியே சிரித்தேன். முட்டியின் அடியில் கொஞ்சம் பால் ஒட்டியிருந்தது. இனி ருசி பார்த்தால் யார் கேட்பது என்று விரலால் வழித்து வாயில் வைத்தேன்.

உப்பு.

இன்னொரு தடவை வழித்தேன். உப்பேதான். தேங்காய்ப்பால் பிழிந்தால் ஒரு நுள்ளு உப்புப் போட்டுக் கலக்குவது எங்கள் ஊரில் மூச்சு விடுவது மாதிரி. பால்புட்டென்றாலும் பாலப்பமென்றாலும் கை தன்பாட்டில் உப்புச் சிரட்டைக்குள் போய் வரும். அன்றைக்கும் போய் வந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல். ருசி பார்த்திருந்தால் பிடித்திருப்பேன். ருசி பார்க்கவில்லையே!

கணவரைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார்.

"இஞ்சேரும், அக்காட்டைச் சொல்லிப்போடாதையும். தெரியாமல் நடந்தது தெரியாமலே போகட்டும்."

"தெரியாமல் போகுமோ? முருகனுக்குமோ?"

"முருகனுக்கு வேறை வேலை இல்லையோ?" என்றார். ஆனால் அவர் குரலிலும் பலமில்லை.

நான் பெரிய பக்தை இல்லை. எனக்காக விரதம் என்றால் மத்தியானத்துக்கு முதலே பசிக்கும். ஆனால் இது மச்சாளின் விரதம், ஒரு தாய் பிள்ளைக்காகப் பிடித்தது. ஐந்து நாள் வயிற்றைக் காயப்போட்டுக் கட்டி வந்ததை நான் ஒரு நுள்ளு உப்பால் உடைத்துவிட்டேன். நாளைக்கு அவனுக்கு ஏதும் என்று சேதி வந்தால் நான் எந்த முகத்தோடு இந்த வீட்டில் இருப்பது? விடியும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

விடிந்ததும் மச்சாள் கிணற்றடியில் நின்றார். முதல் நாளைவிட முகம் தெளிந்திருந்தது, அதைப் பார்க்க எனக்கு இன்னும் அழுகை வந்தது. நான் துலாவைப் பிடித்து ஒரு வாளி அள்ளி அவருக்கு முன்னால் வைத்தேன்.

"மச்சாள், நேற்றையான் பழத்திலை உப்புப் பட்டிட்டுது. தேங்காய்ப்பாலுக்குப் போட்டிட்டன். வேணுமெண்டு செய்யேல்லை. உங்கடை விரதத்தை நான்தான் கெடுத்துப்போட்டன்."

மச்சாள் முகத்தைக் கழுவினார். சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"தெரியும்."

"என்ன?"

"முதல் வாயிலையே தெரியும். அஞ்சு நாள் உப்பில்லாத நாக்கு, அதுக்குத் தெரியாதோ?"

"அப்ப துப்பியிருக்கலாமே! என்ரை தலையிலை குட்டியிருக்கலாமே!"

"துப்பத்தான் நினைச்சன்." மச்சாள் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அஞ்சு நாளாய் நான் முருகனிட்டை என்ன கேட்டனான் தெரியுமோ? கடிதம்கூடக் கேக்கேல்லை. தெரியாத ஊரிலை, பாஷை தெரியாத இடத்திலை, என்ரை பிள்ளைக்கு ஆராவது ஒரு மனுசி ஒரு வாய் குடுக்கோணும் எண்டுதான் கேட்டனான். நீர் அவ்வளவு ஆசையாய்க் கொண்டுவந்து நீட்டினீர். அதை நான் துப்பிப்போட்டு, பிறகு கோயிலிலை போய் நிண்டு அதையே கேக்கிறதோ?"

அங்கேயே நின்று அழுதேன், சின்னப்பிள்ளை மாதிரி. மச்சாள் என் தோளில் ஈரக் கையை வைத்தார். ஒரு வருடத்தில் அதுவும் முதல் தடவை.

"விரதம் முறிஞ்சதோ இல்லையோ எண்டது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. நீர் அழாதையும்" என்றார். நாலடி போனவர் திரும்பினார். "இண்டைக்கும் செய்யும். உப்புச் சிரட்டையைத் தூக்கி வெளியிலை வைச்சிட்டுச் செய்யும். வாழைப்பழத்தையும் கொஞ்சம் மெல்லிசாய் வெட்டலாம்."

பழைய மச்சாள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி.

அன்று பின்னேரம் சிரட்டையைக் கிணற்றடிவரை கொண்டுபோய் வைத்துவிட்டு, கறுக்காத பப்பாப்பழத்தை மட்டும் வெட்டி அடுக்கி, பாலை மணலில் புதைத்துவிட்டு, நானும் மச்சாளோடு சூரன்போர் பார்க்கக் கோயிலுக்குப் போனேன். வீதி முழுக்கச் சனம். பக்கத்தில் மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கேட்பதைத்தான் கேட்டிருப்பார், யாராவது கொடுக்கவேண்டும் என்று.

நானும் கை கூப்பினேன். கொடுக்கிறவள் என்னைப்போல ஒரு அவசரக்காரியாக இருந்து, கை தவறி உப்புக் கூடிப்போனாலும், எங்கள் பிள்ளை அதைத் துப்பாமல் வாங்கித் தின்னவேண்டும் என்று கேட்டேன்.