யாரும் எடுக்காத கடைசி எபிசோட்

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்டுக்குள் கிடைத்தது. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் ஆசாமி பயந்து கத்தாமல் இருக்கட்டும் என்று வெளியே நின்ற மெக்கானிக் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் தொழிலில் அது வழக்கமாம். மற்றவர்களிடம் மழையைப் பற்றிப் பேசுவாராம். என் அதிர்ஷ்டம், அன்று அவருக்கு மனசு சரியில்லை.

2

விண்மீன்கள் கண் சிமிட்டும் எல்லையற்ற அந்த...

(வேண்டாம். விழா மேடைக்குச் சால்வை போர்த்திக்கொண்டு வரும் வரி.)

மெக்கானிக்குச் சின்ன வயதில் ஒரு கார்ட்டூன் என்றால் உயிர். ஊரே வாய் பிளந்து பார்த்த வாள் வீரன் கார்ட்டூன் இல்லை. அதே நேரத்தில் அடுத்த சேனலில் ஓடிய, நாய்கூடச் சீந்தாத ஒன்று. கிரகம் கிரகமாகப் போய்க் கடிதம் கொடுக்கும் ஒரு தபால் ரோபோ. எந்தக் கிரகத்துக்குப் போனாலும் ஜன்னலுக்கு வெளியே அதே மூன்று பாறைகள்தான் திரும்பத் திரும்ப வரும். உலகத்தில் அதைப் பார்த்தது இரண்டே பேர், அவரும் அவருடைய அக்காவும். (மிகைதான். அவரிடம் மறுத்துப் பாருங்கள், தெரியும்.)

கடைசி எபிசோட் வந்த அன்று அவர் டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா வந்து கட்டிலில் உட்கார்ந்து கதை சொன்னாள். ரோபோவின் பையில் மிஞ்சிய ஒரே கடிதம், அதன் பெயருக்கே வந்ததாம். அது உறையைப் பிரிக்கிற இடத்தில் தம்பி தூங்கிவிட்டார்.

3

இரண்டு வருடம் முன்பு சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, அக்கா ஏதோ பஸ் பயணத்தைக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி குறுக்கே புகுந்தார்.

"இவ வாயத் தொறந்தாலே பொய்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவள்தான், அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

(அக்கா அழுதாள் என்று எழுதலாமா என்று கேட்டேன். "எங்கக்கா அழற ஆளா? அடிக்கிற ஆளு சார்" என்றார்.)

போன வாரம் இணையத்தில், யாரும் கண்டுகொள்ளாத கார்ட்டூன்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதன் கீழே அவர் கடைசி எபிசோடை வரி விடாமல் எழுதினார். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று கேலி செய்தார்கள். ஐந்து நாள் மல்லுக்கட்டினார். ஆறாவது நாள், அந்தக் கார்ட்டூனுக்குப் படம் வரைந்தவரே வந்து எழுதினார்: "பாதியில் இழுத்து மூடிவிட்டார்கள். கடைசி எபிசோட் எடுக்கவே இல்லை. ஆனால் ஐயா, அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது?"

4

முடிவு அ: அவர் அக்கா காலில் விழ, அவள் வாரி அணைத்து... (சீரியல். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அக்கா போனை எடுக்கவில்லை. (எழுதச் சுலபம். அதனாலேயே சந்தேகம்.)

நடந்தது இதுதான். "என்னை அப்புறம் எறக்கலாம். மொதல்ல அக்காவுக்குப் போன் போடுங்க!" என்று கதவிடுக்கு வழியாகக் கத்தினேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. முடிவு தெரியாமல் வெளியே வந்தால் கதை போச்சே என்ற சுயநலம்.

"அக்கா, நான்தான்... திட்டு, அப்புறமாத் திட்டு. நான் சொன்னது தப்புதான். அந்த ரோபோ கடிதத்தப் பிரிச்சுதே, உள்ள என்ன எழுதியிருந்துச்சு? நான் தூங்கிட்டேன்க்கா."

நான் கதவிடுக்கில் காதை வைத்தேன். பிறகு அவர் "உம்" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு "உம்". உம் கொட்டுகிறார்!

கடிதத்தில் இருந்தது எனக்குத் தெரியாது, நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை. அவர் இன்னும் உம் கொட்டிக்கொண்டிருக்கிறார், நானும் லிஃப்டுக்குள்தான் இருக்கிறேன்.