வளைவுக்கடியில் பொங்கிய பால்

மருதமுத்துவுக்கு அவன் அப்பா விட்டுப்போனது இரண்டு. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகை. அதில் குடியிருந்த தங்கை பூங்காவனம். கொட்டகையை எடுத்துக்கொள்வது, தங்கையை மூவாரில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் சமையலுக்கு விட்டுவிடுவது என்று அவன் முடிவு செய்தான். முடிவு செய்தது அவன் பெண்டாட்டி கோகிலா. வாயசைத்தது மட்டும் அவன்.

கொட்டகை என்றதும் ஓலைக்கீற்றை நினைத்துவிடக் கூடாது. அப்பா பால் விற்ற காசையெல்லாம் மரத்தில் போட்டவர். முன்பாதி மாட்டுக்கு, பின்பாதி மனிதருக்கு, மேலே தகரக்கூரை. சாணியைக் கழுவிவிட வசதியாக, இடைவெளி விட்டு அடித்த பலகைத் தரை. பூங்காவனத்தின் புருஷன் கப்பல் வேலைக்கென்று சிங்கப்பூர் போனவன். கப்பல்கள் திரும்பின, அவன் திரும்பவில்லை. அன்று முதல் அந்தப் பின்பாதிதான் அவள் வீடு. சாணி அள்ளி, பால் கறந்து, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்துக்கொண்டிருந்த அண்ணன் தீபாவளிக்கு வருவான், நெய் வாங்கிப் போவான்.

இப்போது நிலத்துக்காரன் நிலத்தை விற்றுவிட்டான். ஆகஸ்ட் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். அண்ணன் காஜா பெராங்கில் ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்தான். கொட்டகையைக் கொண்டுபோய் அங்கே வைத்து, வெள்ளையடித்து, குடியேறிவிடுவது திட்டம். மாடுகளை விற்றான். யாரும் வாங்க வராத கிழட்டுச் செவலை மட்டும் மிஞ்சியது. புதுமனை புகும்போது முதலில் உள்ளே நுழைய ஒரு பசு வேண்டுமே, அதற்கு ஆகும் என்று வைத்துக்கொண்டான். அதற்கு இருந்த மரியாதைகூடத் தனக்கு இல்லையே என்று பூங்காவனத்துக்கு வயிறு எரிந்தது. உள்ளே ஒரு மூலை போதும் அண்ணி என்று அவள் கேட்டபோது, மூலையில் சாமான் போட்டு வைக்க மஞ்சப்பெட்டி வைக்கப்போவதாகக் கோகிலா சொல்லிவிட்டாள்.

ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? காத்திருந்தார்கள். ஆவணி பிறந்ததும் ஐயர் புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். நடுப்பகலில் ராகு காலம் தொடங்குமுன் வீட்டுக்குள் பால் பொங்கியாக வேண்டும். விட்டால் அந்த மாதத்தில் வேறு நாளே இல்லை என்றார். பிரித்து மாட்டினால் ஆசாரிக்கு இரண்டு முறை கூலி என்பதால், மரம் ஏற்றும் லோரி வைத்திருந்த ஷரீஃபுதீனை மருதமுத்து பிடித்தான். கொட்டகையை ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் உத்திரங்கள் கொடுத்து, லோரியைப் பின்பக்கமாக விட்டு முழுசாகவே ஏற்றிவிட்டார்கள்.

புதன் காலையில் கோகிலா பட்டுப்புடவையில் வந்தாள். மஞ்சள் கட்டிய புதுப் பித்தளைப் பானை, புது அடுப்பு, கரி, குத்துவிளக்கு, அரிசி, உப்பு எல்லாவற்றையும் தன் கையாலேயே கொட்டகைக்குள் வைத்தாள். கையில் சுமந்து போய் வழியில் கால் இடறினால் அபசகுனம். வீட்டோடு வந்து சேரட்டும் என்பது அவள் கணக்கு. வைத்துவிட்டு, பூ வைத்துக்கொள்ளக் கண்ணாடி தேடிப் போனாள். செவலையை அவள் தம்பி தியாகு முன்னாலேயே நடத்திக்கொண்டு போய்விட்டான். அதற்கு முன்பே அதைக் கறந்து வைத்திருந்த பூங்காவனம், பால் தூக்கோடு லோரியில் ஏறி, கொட்டகைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

"எறங்குடி" என்றான் அண்ணன்.

"எறங்கமாட்டேன். வீட்டத் தூக்குறவன் வீட்டுல இருக்கறதயும் சேத்துத்தான் தூக்கணும்."

ஆள் உள்ளே இருந்தால் லோரியை எடுக்கமாட்டேன் என்று ஷரீஃபுதீன் கையை விரித்தார். கோகிலாவுக்கு நேரம் ஓடியது.

"எடுங்க பாய். அங்க போயி முடியப் புடிச்சு இழுத்துப் போட்டுக்கலாம்" என்றாள்.

லோரி ஊர்ந்தது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு திட்டமும் இல்லை என்பதே உண்மை. போக இடமில்லாததால் ஏறினாள். இறக்கும் இடத்தில் இழுத்துப் போடுவார்கள் என்றும் தெரியும். பயமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

காஜா பெராங் முனையில் லோரி நின்றது. சனிக்கிழமை மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள். அதற்காகச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் சாலைக்குக் குறுக்கே மூங்கில் நட்டு, தென்னங்குருத்தும் வண்ணக் காகிதமும் கட்டி, ஒரு வளைவு எழுப்பியிருந்தார்கள். வழியிலிருந்த கரண்டுக் கம்பிகளையெல்லாம் அளந்து வைத்திருந்த மருதமுத்துவுக்கு இது தெரியாது. கூரையின் முகடு வளைவைவிட உயரம்.

வளைவுக்குப் பொறுப்பாளர் தேநீர்க்கடை ராஜரத்தினம். மருதமுத்து வாடகைக்குப் பிடித்த மனையும் அவருடையதே. கடையை விட்டு இறங்கி வந்தவர் முதலில் வளைவைப் பார்த்தார், பிறகு லோரியைப் பார்த்தார், பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பலக வீடுன்னு சொல்லித்தானய்யா மன கேட்ட? இது தொழுவம்லா" என்றார். "சனிக்கெழம வரைக்கும் இந்த வளைவுல ஒரு ஓல உதுரக் கூடாது. வண்டியத் திருப்பு."

திருப்ப இடமில்லை. பின்னால் இரண்டு பஸ்கள் ஹார்ன் அடித்தன. தெருவே கூடி, மருதமுத்துவை நாலு மொழியில் திட்டியது. ஷரீஃபுதீன் தன் பங்குக்குத் திட்டிக்கொண்டே டயர்களில் காற்றை இறக்கினார். லோரி தாழ்ந்தது, போதவில்லை. முகட்டுத் தகரத்தைக் கழற்ற ஆள் ஏறினான். ஆணியெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது.

மனையில் காத்திருந்த ஐயர் குடையோடு ஓடி வந்தார். நேரம் நெருங்கிவிட்டது, வீட்டுக்குள் பொங்கினால் சரி, வீடு மண் மேல் நின்றால் என்ன, லோரி மேல் நின்றால் என்ன, ஏறிக் காய்ச்சுங்கள் என்று கோகிலாவை அவசரப்படுத்தினார். கோகிலா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிக் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. மருதமுத்து கடப்பாரையோடு வந்தான். அவன் கையைப் பிடித்துத் தடுத்தவளும் கோகிலாதான்.

"பால் காய்ச்சாத வீட்டுக் கதவ ஒடச்சா குடும்பமே ஒடஞ்சு போயிரும். வைங்க கீழ."

ஐயர் சொன்னது அவ்வளவும் உள்ளே கேட்டது. பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள். புதுப்பானை இருந்தது. அடுப்பும் கரியும் இருந்தன. பால் அவள் மடியில் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் பால் காய்ச்சுவார்கள், காய்ச்சுகிறவள்தான் அந்த வீட்டுக்காரி என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விளக்கேற்றினாள், அடுப்பைப் பற்றவைத்தாள், பானையை வைத்துப் பாலை ஊற்றினாள்.

ஜன்னல் வழியே புகை வந்ததும் கோகிலாவுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் முறையாக அவள் நாத்தனாரிடம் கெஞ்சினாள்.

"பூங்காவனம், வேணாம்மா. அந்தப் பானய மட்டும் ஜன்னல் வழியாக் குடுத்துரு. மூலைல இருந்துக்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பூங்காவனம் இரண்டு மாதம் காத்திருந்தாள். பானையைப் பார்த்தாள். பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் முடிந்ததும் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நேரம் போகுதுன்னு நீங்கதான அண்ணி துடிச்சீங்க?" என்றாள்.

பால் பொங்கியது. நாலு பக்கமும் வழிந்து, பலகை இடைவெளியில் இறங்கி, லோரியின் அடியில் தார்ச்சாலையில் வெள்ளையாகச் சொட்டியது. வளைவருகே நின்ற ஒரு பெண் பழக்கதோஷத்தில் குலவையிட்டுவிட்டாள். ஒருத்தி தொடங்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? காரியம் யாருடையது என்று கேட்காமலேயே தெருப் பெண்களெல்லாம் குலவையிட்டார்கள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியான நேரம் என்றார்.

கோகிலா லோரியிலிருந்து இறங்கினாள்.

"அவ பொங்க வச்ச வீட்டுல நான் ஒல வைக்கமாட்டேன்" என்று புருஷனிடம் சொன்னாள். "நீங்க வேணும்னா உங்க தங்கச்சி கையால தின்னுக்கிட்டுக் கெடங்க." தியாகுவைக்கூடக் கூப்பிடாமல், திரிஷா என்ற மூன்று சக்கர வண்டியைப் பிடித்து, அதுவரை குடியிருந்த வாடகை அறைக்கே போய்விட்டாள். பானையை உள்ளே வைத்தது தன் கைதான் என்பது வழியில் அவளுக்கு உறைத்திருக்கும்.

முகட்டுத் தகரம் ஒருவழியாகக் கழன்றது. ஒரு ஓலையும் உதிராமல் லோரி வளைவைத் தாண்டியது. கொட்டகையை மனையில் இறக்கி வைத்ததும் மருதமுத்து, விறகுக்காவது விற்பேன், இவளை இங்கே இருக்க விடமாட்டேன் என்று குதித்தான்.

ராஜரத்தினத்துக்குப் பூங்காவனத்தின் மேல் பாசமெல்லாம் இல்லை. சாணி நாற்றத்தை அவர் இன்னும் மன்னிக்கவும் இல்லை. ஆனால் தெருவே குலவையிட்டிருக்கிறது.

"பால் காய்ச்சுனவள வெளிய தள்ளுன பாவம் என் மனைக்கு வேணாம்" என்றார். "பொய் சொல்லி மன வாங்குனது நீ. வாடகைய இனி அந்தம்மாட்ட வாங்கிக்கறேன். நீ நடையக் கட்டு." சொல்லிவிட்டு, செவலை ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் கறக்கும் என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் தாழ் திறந்தது. செவலை பழகிய வாசலில் தானே நுழைந்தது. பூங்காவனம் பானையில் மிஞ்சிய பாலைத் தம்ளர்களில் ஊற்றி, ஷரீஃபுதீனுக்கும் ஆட்களுக்கும் ஐயருக்கும் கொடுத்தாள். ராஜரத்தினமும் முகத்தைச் சுளித்தபடி வாங்கிக் குடித்தார். கடைசித் தம்ளரை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தாள். கூடப்பிறந்தவனுக்குக் கொடுக்காமல் அந்தப் பாலை அவள் குடிக்க முடியாது. அவன் குடித்திருந்தால் அவள் அழுதிருப்பாள்.

மருதமுத்து தம்ளரை வாங்கினான். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அவள் காலடியில் மண்ணில் ஊற்றினான்.

"ஊத்துண்ணே" என்றாள் பூங்காவனம். "வாசலத் தெளிக்கணும்னு இருந்தேன். அந்த வேலயும் மிச்சம்."

காலித் தம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய், மறுபடி தாழ் போட்டுக்கொண்டாள்.